எக்ஸ்பெடைட் லோடு ஓட்ட எந்த கார்கோ வேன் வாங்கலாம்?

மெர்சிடிஸ் ஸ்ப்ரின்டரா, ஃபோர்டு டிரான்சிட்டா, ராம் ப்ரோமாஸ்டரா, கையில் இருக்கும் 35,000 டாலருக்கு எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒஹாயோவில் இருப்பதாகவும், ஒரு எக்ஸ்பெடைட் (அவசரச் சரக்கு) கம்பெனியோடு லீஸ் போட்டு, அதாவது சொந்த வண்டியை அவர்களுக்காக ஓட்டும் ஒப்பந்தம் செய்து, தனி ஆளாக ஓட்டப் போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பிராண்டைக் கேட்டிருந்தாலும், உங்கள் மனதில் ஓடுவது இரண்டு கேள்விகள் என்று எனக்குப் படுகிறது. எந்த வண்டி இருந்தால் லோடு வரும்? எந்த வண்டி போட்ட பணத்தை எடுத்துத் தரும் வரை வழியில் படுக்காமல் ஓடும்? முதல் கேள்வி அளவுகளும் சட்டமும் சம்பந்தப்பட்டது, அதை அடித்துச் சொல்லலாம். இரண்டாவதில் பாதிதான் உறுதி, மீதி ஓட்டுபவர்களுக்குள்ளேயே தீராத வாக்குவாதம். மிச்சிகன், ஒஹாயோ, இண்டியானா வட்டாரத்தில் சில வருடம் வேன் ஓட்டிவிட்டு, அப்புறம் ஓட்டுநர்களுக்கு லோடு பிரித்துத் தரும் டிஸ்பாட்ச் மேசைக்கு வந்தவன் நான். கார் தொழிற்சாலைகளுக்குப் போகும் பாகங்கள்தான் என் அனுபவத்தில் பெரும்பகுதி. மருத்துவமனை சரக்கு, நகருக்குள் ஓடும் டெலிவரி போன்ற வேலைகளுக்கு நான் சொல்வது அப்படியே பொருந்தாது.

இந்தத் தொழிலில் வேனைக் கூப்பிடுவதே அவசரத்துக்குத்தான். ஒரு அசெம்பிளி லைன் நிற்கப் போகிறது, இரண்டு பேலட் (சரக்கு அடுக்கும் மரத்தட்டு) பாகம் இன்று இரவுக்குள் போய்ச் சேர வேண்டும், அதற்கு 53 அடி டிரெய்லரை அனுப்புவது வீண். அதனால் வேனை எடைபோட வேண்டிய முதல் அளவுகோல் பேலட்தான். அமெரிக்காவில் பரவலாக இருக்கும் பேலட் 48 அங்குலம் நீளம், 40 அங்குலம் அகலம். மூன்றை நீளவாக்கில் வரிசையாக வைத்தால் 144 அங்குலம். இந்த 144-ஐ மனதில் வைத்துக்கொண்டு வண்டிகளைப் பாருங்கள், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். டிரான்சிட்டில் 148 அங்குல வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம்), நீட்டிக்கப்பட்ட உடல் கொண்ட மாடலின் தள நீளம் சுமார் 171 அங்குலம். ஸ்ப்ரின்டர் 170 வீல்பேஸில் சுமார் 173. ப்ரோமாஸ்டர் 159 வீல்பேஸில் நீட்டிக்கப்பட்டது 160, நீட்டிக்கப்படாதது 145. அதாவது அந்தச் சின்ன ப்ரோமாஸ்டரில் மூன்று பேலட் ஒரு அங்குல இடைவெளியில் நுழையும். சரக்கு பேலட்டுக்கு வெளியே கொஞ்சம் பிதுங்கியிருந்தால் கதவு மூடாது. டிரான்சிட்டின் 171-இல் மூன்று பேலட் போக 27 அங்குலம் மிஞ்சும். குறுக்கே ஒரு படுக்கை போட அது போதும். சும்மா படுத்து எழ மட்டுமல்ல, மூன்று பேலட் லோடு வந்தாலும் படுக்கையைக் கழற்றாமல் ஏற்றலாம் என்பதுதான் அதில் லாபம். 130 வீல்பேஸ் டிரான்சிட், 144 வீல்பேஸ் ஸ்ப்ரின்டர் இரண்டும் விலை குறைவாகக் கிடைக்கும். ஆனால் 48 அங்குலப் பக்கம் நீளவாக்கில் வரும் லோடாக இருந்தால் இரண்டு பேலட்டோடு சரி.

உயரத்தில்தான் புதியவர்கள் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். விளம்பரத்தில் போடுவது உள் உயரம். ஹை ரூஃப் டிரான்சிட்டில் அது சுமார் 81 அங்குலம், ஸ்ப்ரின்டரில் 79. ஆனால் சரக்கு நுழைவது கதவு வழியாக. பின்கதவுத் திறப்பின் உயரம் உள் உயரத்தைவிட ஆறேழு அங்குலம் குறைவாகவே இருக்கும். டிஸ்பாட்ச்சில் கேட்பதும் அந்தத் திறப்பின் உயரத்தைத்தான். வண்டி பார்க்கப் போகும்போது டேப்பை எடுத்துப் போய்க் கதவின் சட்டத்தில் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். செவ்ரொலே எக்ஸ்பிரஸ், ஜிஎம்சி சவானா போன்ற பழைய பாணி வண்டிகளில் உள்ளேயே நான்கரை அடிதான். உயரமான கிரேட் (மரப்பெட்டி) வந்தால் கைவிட வேண்டியதுதான். எங்கள் வட்டாரத்தில் டிஸ்பாட்ச்காரர் ‘ஸ்ப்ரின்டர் லோடு’ என்றால் மெர்சிடிஸ்தான் வேண்டும் என்று அர்த்தமில்லை. நீளமும் உயரமும் உள்ள வேன் வேண்டும் என்பதுதான் அர்த்தம். ஹை ரூஃப் டிரான்சிட்டும் ப்ரோமாஸ்டரும் அந்த வரிசையில் வரும், எக்ஸ்பிரஸ் வராது. அதனால் எக்ஸ்பிரஸ் வைத்திருப்பவர் லோடு இல்லாமல் காத்திருக்கும் நேரம் அதிகம்.

ஏற்றும் இடத்தில் என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தளத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. லோடிங் டாக், அதாவது சரக்கு ஏற்றும் மேடை, பொதுவாக 48 முதல் 52 அங்குல உயரம். வேனின் தளம் அதில் பாதிதான். ப்ரோமாஸ்டரில் சுமார் 21 அங்குலம், மற்ற இரண்டில் 28-ஐ ஒட்டி. ஆகவே பெரும்பாலான இடங்களில் ஃபோர்க்லிஃப்ட் தரைக்கு இறங்கி வந்து பின்கதவு வழியாக வைக்கும். அது வண்டிக்குள் ஏற முடியாது, எனவே முதல் பேலட்டைப் பின் விளிம்பில் வைத்துவிட்டு, இரண்டாவதைக் கொண்டுவந்து அதை வைத்தே முதலாவதை உள்ளே தள்ளுவார்கள். தளம் வெறும் தகரமாக, வரிவரியாக இருந்தால் பேலட்டின் அடிப்பலகை அதில் மாட்டிக்கொண்டு உடையும், சரக்கு சாயும். அரை அங்குல பிளைவுட் போட்டு, மேலே வழவழப்பாக வைத்திருந்தால் வழுக்கிக்கொண்டு போகும். வீல் வெல்களுக்கு (சக்கரத்துக்காக உள்ளே புடைத்திருக்கும் பகுதிகளுக்கு) நடுவே இருக்கும் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். பின்னால் ஒற்றைச் சக்கரம் உள்ள மூன்று வண்டிகளிலும் 53 முதல் 56 அங்குலம் வரை இருக்கும், 48 அங்குலப் பக்கம் குறுக்காக நுழைந்துவிடும். பின்னால் இரட்டைச் சக்கரம் போட்ட டூவலி வண்டிகளில் வீல் வெல் உள்ளே தள்ளி வரும், 48 அங்குலம் நுழையாது. ‘பெரிய வண்டி, அதிக எடை தாங்கும்’ என்று நினைத்து டூவலி வாங்கியவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

எடைக்கு வருவோம். ஓட்டுநர் கதவைத் திறந்தால் பக்கச் சட்டத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். விற்பவர் வாயால் சொல்லும் எண்ணை நம்பாதீர்கள், அந்த ஸ்டிக்கரைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே மாடல், ஒரே வருடம் என்றாலும் இன்ஜின், கூரை உயரம், ஃபோர் வீல் டிரைவ் இவற்றைப் பொறுத்து அது மாறும். உதாரணத்துக்கு 3,300 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் ஒரு 180. பார்டிஷன், பிளைவுட், படுக்கை, ஹீட்டர், பேலட் ஜாக், பட்டைகள், துணிமணி, தண்ணீர் எல்லாம் சேர்ந்து எளிதாக 400 ஆகிவிடும். மிச்சம் 2,700 சொச்சம். கம்பெனிகள் பல 3,000 பவுண்டு லோடு வரை வேனுக்குத் தருவார்கள், அந்த இடத்தில் நீங்கள் வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருக்கும். சொல்லத்தான் வேண்டும். வண்டியைத் தயார் செய்து முடித்ததும் டேங்க்கை நிரப்பி, நீங்கள் உள்ளே உட்கார்ந்தபடியே ஒரு டிரக் ஸ்டாப்பில் கேட் ஸ்கேல் என்ற லாரி எடைமேடையில் நிறுத்துங்கள். முன் அச்சு, பின் அச்சு இரண்டுக்கும் தனித்தனியாக எடை வரும். மொத்தம் சரியாக இருந்தும் பின் அச்சு மட்டும் அளவை மீறுவது வேன்களில் அடிக்கடி நடக்கும். கனமான பேலட்டைப் பின் சக்கரத்துக்கு முன்னால் வரும்படி வைக்க வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம்.

இந்த எடை விஷயத்தில் சட்டம் ஒரு கோடு போட்டிருக்கிறது. அது மிக உறுதியான விஷயம், வண்டியைத் தேர்ந்தெடுப்பதில் இதைவிடப் பெரியது வேறு இல்லை. மாநிலம் விட்டு மாநிலம் சரக்கு ஏற்றும் வண்டியின் ஜி.வி.டபிள்யூ.ஆர்., அதாவது உற்பத்தியாளர் குறித்திருக்கும் மொத்த எடை, 10,001 பவுண்டோ அதற்கு மேலோ இருந்தால் மத்திய அரசின் மோட்டார் கேரியர் விதிகள் முழுதாக வந்து உட்காரும். ஓட்டும் நேரக் கட்டுப்பாடு, அதைப் பதியும் மின்னணுப் பதிவேடு, மருத்துவச் சான்று எல்லாம். அதற்குக் கீழே இருந்தால், அபாயப் பொருள் பலகை வைக்க வேண்டிய சரக்கை ஏற்றாதவரை, அவை பெரும்பாலும் பொருந்தாது. ஸ்ப்ரின்டர் 3500-இல் 9,990 பவுண்டு என்று ஒரு வகையும் 11,030 என்று ஒரு வகையும் விற்கிறார்கள். 9,990 என்ற எண் அந்தக் கோட்டைப் பார்த்து வைத்தது. டிரான்சிட் 250, ஸ்ப்ரின்டர் 2500 இரண்டும் 9,000-ஐ ஒட்டியே இருப்பதால் பிரச்சினை இல்லை. டிரெய்லர் இழுத்தால் இரண்டின் எடையும் சேர்த்துக் கணக்கிடுவார்கள் என்பதையும் மறக்காதீர்கள். டெட்ராய்டிலிருந்து வின்ட்சருக்குள் போகும் லோடு எடுப்பதாக இருந்தால் கனடாவின் கோடு 4,500 கிலோ, அதாவது சுமார் 9,920 பவுண்டு. 9,990 வண்டி அங்கே கோட்டைத் தாண்டிவிடக்கூடும்.

கோட்டுக்குக் கீழே இருப்பதால் எதுவுமே தேவையில்லை என்று சிலர் சொல்வார்கள், அது தவறு. கூலிக்கு அடுத்தவர் சரக்கை மாநிலம் கடந்து ஏற்றினால் வண்டி சின்னதாக இருந்தாலும் இயக்க அனுமதி வேண்டும். கம்பெனியோடு லீஸில் ஓடினால் அவர்களுடைய அனுமதியின் கீழ் ஓடுவீர்கள். 10,001-க்குக் கீழான வண்டிகளுக்குச் சட்டம் கேட்கும் குறைந்தபட்சக் காப்பீடு 3 லட்சம் டாலர், அதற்கு மேல் போனால் 7.5 லட்சம். ஆனால் லோடு பிடித்துத் தரும் புரோக்கர்கள் நடைமுறையில் கேட்பது 10 லட்சம் பொறுப்புக் காப்பீடும் 1 லட்சம் சரக்குக் காப்பீடும். சொந்தக் காருக்கான பாலிசியில் இந்த வேலையைச் செய்தால் விபத்து நடக்கும் நாளில் கைவிரித்துவிடுவார்கள். இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: எச்-1பி விசாவில் இருப்பவர் தன்னை அமர்த்திய கம்பெனிக்கு மட்டுமே வேலை செய்யலாம், பகுதிநேரமாகக்கூட இதை ஓட்ட முடியாது. வண்டிக்கு முன்பணம் கொடுக்கும் முன் அதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

இனி இன்ஜின். இங்கிருந்து நான் சொல்வதில் பாதி அனுபவம், பாதி கேள்விப்பட்டது. மைலேஜைப் பற்றி எந்த எண்ணையும் வேதவாக்காக எடுக்காதீர்கள். 8,500 பவுண்டுக்கு மேற்பட்ட ஜி.வி.டபிள்யூ.ஆர். உள்ள கார்கோ வேன்களுக்கு அரசு மைலேஜ் ஸ்டிக்கர் ஒட்டுவதில்லை, அதனால் எல்லாமே ஓட்டுநர்கள் சொல்லும் கணக்கு. பெட்ரோல் டிரான்சிட், ப்ரோமாஸ்டருக்கு கேலனுக்கு 14 முதல் 17 மைல், டீசல் ஸ்ப்ரின்டருக்கு 18 முதல் 22 என்று பரவலாகச் சொல்வார்கள். என் அனுபவமும் அதற்குள்தான் வருகிறது. காகிதத்தில் டீசல் ஜெயிக்கும். ஆனால் எக்ஸ்பெடைட் ஓட்டுநர் லோடுக்காக மணிக்கணக்கில் காத்திருப்பவர், குளிரில் இன்ஜினை ஓட விட்டே தூங்குபவர். டீசலின் புகை வடிகட்டிக்கு அது ஆகாது. சூடு ஏறாமல் ஓடிக்கொண்டே இருந்தால் கரி அடைத்துக்கொள்ளும். நைட்ரஜன் ஆக்சைடு சென்சார், யூரியா திரவக் கோளாறு என்று விளக்கு எரிந்தால், இத்தனை மைலுக்குப் பிறகு ஸ்டார்ட் ஆகாது என்று வண்டியே எண்ண ஆரம்பித்துவிடும். மெர்சிடிஸ் கார் விற்கும் எல்லா டீலரும் ஸ்ப்ரின்டரைப் பழுது பார்ப்பதில்லை. வெள்ளிக்கிழமை இரவு கென்டக்கியில் ஐ-75 நெடுஞ்சாலை ஓரத்தில் விளக்கு எரிந்தால், பக்கத்து ஊரிலேயே ஃபோர்டு டீலர் இருப்பார். ஸ்ப்ரின்டர் கை வைக்கத் தெரிந்தவரைத் திங்கள்கிழமை தேட வேண்டியிருக்கும். நல்ல நெடுஞ்சாலை ஓட்டமும் கையில் காசும் உள்ளவர்கள் ஸ்ப்ரின்டரை லட்சக்கணக்கான மைல் ஓட்டியிருக்கிறார்கள், அதை மறுக்கவில்லை. முதல் வண்டியாக, பழையதாக, கையிருப்பு இல்லாமல் வாங்குவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

டிரான்சிட்டில் டர்போ இல்லாத 3.5 லிட்டர் வி6 எனக்குப் பிடித்தது. டர்போ உள்ள ஈகோபூஸ்ட் இழுவையில் நன்றாக இருக்கும், ஆனால் பழையது வாங்கும்போது கெடக்கூடிய பாகங்கள் குறைவாக இருப்பதே நிம்மதி. 2015 முதல் 2017 வரையான டிரான்சிட்களில் டிரைவ் ஷாஃப்டின் ரப்பர் கப்ளிங் உடைவது தெரிந்த குறை, 2017-இல் ஃபோர்டே அதற்காக வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அந்த வருட வண்டி பார்த்தால் வி.ஐ.என். என்ற வண்டியின் அடையாள எண்ணைப் போட்டு ரீகால் வேலை முடிந்ததா என்று கேளுங்கள். ப்ரோமாஸ்டர் முன்சக்கர இழுவை. தளம் தாழ்வாக இருப்பதால் கையால் ஏற்றி இறக்குபவருக்குச் சொர்க்கம், விலையும் குறைவு. ஆனால் பின்னால் கனம் ஏறினால் முன்சக்கரத்தின் பிடி குறையும், பனி படிந்த சரிவில் நின்ற இடத்திலேயே சுழலும். ஒஹாயோ குளிர்காலத்தில் இது சின்ன விஷயமில்லை, நல்ல குளிர்கால டயருக்குத் தனியாகப் பணம் எடுத்து வையுங்கள். மின்சார வண்டியான ஈ-டிரான்சிட்டைப் பற்றி யாராவது சொன்னால், முதலில் வந்ததற்கு ரேஞ்ச் 126 மைல், 2024-இல் வந்த பெரிய பேட்டரிக்கு 159. டெட்ராய்டிலிருந்து லூயிவில்லுக்கே 360 மைல் சொச்சம். நேரத்துக்குப் போக வேண்டிய லோடுக்கு இப்போதைக்கு அது ஆகாது.

புதியதா பழையதா என்பதைக் கணக்கு போட்டுப் பாருங்கள். மும்முரமாக ஓடும் எக்ஸ்பெடைட் வேன் வருடத்துக்கு 80,000 முதல் 1,00,000 மைல் போகும். ஃபோர்டு தரும் பவர்டிரெய்ன் (இன்ஜின், கியர்பாக்ஸ்) வாரன்டி 5 வருடம் அல்லது 60,000 மைல், எது முந்துகிறதோ அது. அந்த 60,000 ஒரு வருடம் முடியும் முன்பே தீர்ந்துவிடும், மாதத் தவணை மட்டும் நான்கைந்து வருடம் ஓடும். கூடுதல் வாரன்டி விற்பவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: வணிக டெலிவரிக்கு ஓட்டினால் செல்லுமா? பலவற்றில் செல்லாது என்று உள்ளே சின்ன எழுத்தில் இருக்கும். வருமான வரியிலும் இதற்கு ஒரு பக்கம் உண்டு. 2025-க்கு வரித்துறையான ஐ.ஆர்.எஸ். மைலுக்கு அனுமதித்த கழிவு 70 சென்ட். ஒரு லட்சம் மைல் என்றால் 70,000 டாலர் கழிவு. விலை குறைந்த வண்டியில் அதிக மைல் ஓட்டுபவருக்கு அது பெரிய லாபம். ஆனால் சொந்த வண்டியைத் தொழிலுக்கு இறக்கும் முதல் வருடமே இந்த முறையைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும், முதல் வருடம் தேய்மானம் எடுத்துவிட்டால் பிறகு அதே வண்டிக்கு இதற்கு மாற முடியாது. வரிக் கணக்கரிடம் வண்டி வாங்கும் முன்பே பேசுங்கள்.

உள்ளே செய்ய வேண்டியதில் இரண்டைத் தள்ளிப் போடாதீர்கள். ஒன்று, இருக்கைக்குப் பின்னால் பலமான பார்டிஷன், பக்கச் சுவர்களில் பட்டை மாட்டும் ஈ-டிராக் சட்டங்கள், போதுமான ராட்செட் (இறுக்கிக் கட்டும்) பட்டைகள். லாரிகளுக்கான மத்திய விதி, முன்பக்கமாக 0.8 ஜி விசையைத் தாங்கும்படி சரக்கைக் கட்டச் சொல்கிறது. உங்கள் வண்டிக்கு அந்த விதி பொருந்தாவிட்டாலும் அந்தக் கணக்கு பொருந்தும்: அழுத்திப் பிரேக் போட்டால் 2,500 பவுண்டு பேலட் 2,000 பவுண்டு விசையோடு உங்கள் முதுகை நோக்கி வரும். இரண்டாவது, எரிபொருளில் தனியாக ஓடும் சின்ன ஹீட்டர். பெட்ரோல் வண்டிக்கும் கிடைக்கிறது. இன்ஜினை அணைத்துவிட்டு இரவு முழுக்கச் சூடாகத் தூங்கலாம். கூடவே கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம். ஓட்டும் நேரக் கட்டுப்பாடு வேனுக்கு இல்லை என்பதால் பதினெட்டு மணி நேரம் ஓட்டச் சொல்லும் ஆட்களும் இந்தத் தொழிலில் உண்டு. தூங்க வசதியான வண்டி இருந்தால்தான் ‘முடியாது, நாலு மணி நேரம் படுத்துவிட்டுக் கிளம்புகிறேன்’ என்று சொல்லும் தெம்பு வரும். படுக்கையை நான் சொகுசுக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், 35,000-ஐயும் வண்டியில் போட மாட்டேன். 8,000 டாலரைப் பழுதுக்கும், முதல் பணம் வந்து சேரும் வரை எரிபொருள், டயர், சாப்பாட்டுச் செலவுக்கும் ஒதுக்கிவிட்டு, மீதிக்குள் 2020 அல்லது அதற்குப் பிந்தைய டிரான்சிட் 148, நீட்டிக்கப்பட்ட உடல், பின்னால் ஒற்றைச் சக்கரம், டர்போ இல்லாத வி6 தேடுவேன். நீட்டிக்கப்பட்ட டிரான்சிட் ஹை ரூஃபில் மட்டும்தான் வருகிறது, அதனால் உயரமும் தானாகக் கிடைத்துவிடும். கிடைக்கவில்லை என்றால் 159 நீட்டிக்கப்பட்ட ஹை ரூஃப் ப்ரோமாஸ்டர். ஆனால் எதற்கும் முன்னால், லீஸ் போடப் போகும் கம்பெனியிடம் மூன்று விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: எத்தனை வருடத்துக்கு மேல் பழைய வேனை அவர்கள் ஏற்பதில்லை, கதவுத் திறப்பும் தள நீளமும் குறைந்தபட்சம் எவ்வளவு வேண்டும், காலியாக ஓடும் மைலுக்கு ஏதாவது தருவார்களா. சில கம்பெனிகள் வண்டியின் வயதுக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். நல்ல விலைக்கு வாங்கிய வண்டியை இரண்டே வருடத்தில் அவர்கள் வேண்டாம் என்றால் கணக்கு மொத்தமும் மாறிவிடும். பதில் வந்ததும் அந்த எண்களையும், நீங்கள் பார்த்து வைத்திருக்கும் வண்டியின் கதவு ஸ்டிக்கர் படத்தையும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.